கேட்டுப் படிக்கலாம், பேசி எழுதலாம்!

ஆசிரியரின் கேள்விகளுக்கு வாய்மொழியாகப் பளிச்சென்று பதில் சொல்லும் சில பிள்ளைகள், அதே பாடத்தைப் புத்தகத்தைப் பார்த்து வாசிக்கச் சொன்னால் திணறிப்போவார்கள். ‘சோம்பேறி’, ‘கவனம் போதாது’ என்று திட்டு விழும். ஆனால், அது கற்றல் குறைபாடாக இருக்கலாம்.

வாசிப்பதில் சிரமம் டிஸ்லெக்சியா; எழுதுவதில் சிரமம் டிஸ்கிராஃபியா; கணக்கில் சிரமம் டிஸ்கால்குலியா. அறிவுக்கூர்மைக் குறைவால் வருபவை அல்ல இவை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது.

வாசிக்க உதவும் கருவிகள்

எழுத்துக்கூட்டுவதிலேயே களைத்துப்போகும் பிள்ளைக்குப் பொருளைப் புரிந்துகொள்ளத் தெம்பு இருக்காது. பாடத்தைச் சத்தமாக வாசித்துக் காட்டும் மென்பொருள் அந்தச் சுமையை இறக்கிவைக்கிறது. மைக்ரோசாஃப்டின் ‘இம்மெர்சிவ் ரீடர்’ வாசிக்கும் சொல்லை நிறமிட்டுக் காட்டும். எழுத்துகளுக்கு இடையே இடைவெளி கூட்டும். ஒரு நேரத்தில் ஒரு சில வரிகளை மட்டும் காட்டி மற்றவற்றை மறைக்கும். கூகுளின் ‘ரீட் அலாங்’ செயலியில் பிள்ளை வாசிக்க, தியா என்ற கதாபாத்திரம் கேட்டுத் திருத்தும். தமிழ்க் கதைகளும் அதில் உண்டு.

டிஸ்லெக்சியாவுக்கென்றே உருவாக்கப்பட்ட எழுத்துருக்களும் கிடைக்கின்றன. ஆனால், அவற்றால் வாசிப்பு மேம்படுகிறது என்பதை ஆய்வுகள் உறுதிசெய்யவில்லை. அவற்றுக்காகப் பணம் செலவழிக்கத் தேவையில்லை.

எழுத உதவும் கருவிகள்

கையெழுத்தோடு போராடும் பிள்ளைக்குக் குரல்வழித் தட்டச்சு பெரிய ஆறுதல். ஆண்ட்ராய்டு போனின் விசைப்பலகையில் மைக் குறியைத் தொட்டுத் தமிழில் பேசினால், பேச்சு எழுத்தாகிவிடும். வந்த எழுத்தை மீண்டும் ஒலிக்கவிட்டுக் கேட்கும்போது, விட்டுப்போன சொற்களைப் பிள்ளையே கண்டுபிடித்துவிடும்.

தேர்வறையில் என்ன வழி?

சிபிஎஸ்இ பொதுத் தேர்வில் தகுந்த சான்றிதழ் உள்ள மாணவர்கள், இணைய இணைப்பு இல்லாத கணினியில் விடைகளைத் தட்டச்சு செய்ய 2018 முதல் அனுமதி உண்டு. தமிழ்நாட்டுப் பொதுத் தேர்வுகளில் சொல்வதை எழுதுபவர், கூடுதல் நேரம் போன்ற சலுகைகள் உள்ளன. தேர்வு நெருங்கும்போது ஓடாமல், கல்வியாண்டின் தொடக்கத்திலேயே பள்ளியை அணுகி விண்ணப்பிக்க வேண்டும்.

பெற்றோர் கவனத்துக்கு

கருவி கைக்கு வந்துவிட்டால் பிள்ளை வாசிக்கவே கற்காது என்ற பயம் பலருக்கு உண்டு. ஆனால், கருவி பயிற்சிக்கு மாற்று அல்ல. எழுத்தையும் ஒலியையும் இணைத்துச் சொல்லித்தரும் சிறப்புப் பயிற்சி ஒருபக்கம் தொடரட்டும்; வாசிப்பு கைகூடும்வரை அறிவியலும் வரலாறும் பிள்ளைக்கு எட்டாமல் போகாதபடி கருவிகள் பார்த்துக்கொள்ளும். சந்தேகம் எழுந்தால் மதிப்பெண் மேலும் சரியும்வரை காத்திருக்காதீர்கள். பார்வை, செவித்திறன் பரிசோதனைகளை முடித்துவிட்டு, உளவியல் நிபுணரிடமோ சிறப்புக் கல்வியாளரிடமோ மதிப்பீடு செய்துகொள்ளுங்கள்.