உங்களுக்குத் தெரியுமா? மண்ணுக்கடியில் எண்ணெய்க் கணக்கு

காவிரிப் படுகையில் எண்ணெய் இருப்பது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரியும். எவ்வளவு இருக்கிறது என்று கேட்டால் ஒவ்வோர் அறிக்கையும் ஓர் எண்ணைச் சொல்லும். அந்த எண்களை எப்படிப் போடுகிறார்கள், எப்படிப் பிரிக்கிறார்கள்?

● காஞ்சிபுரம் மாவட்டத்திலும் ஒரு படுகை
காவிரிப் படுகைக்கு வடக்கே பாலாற்றுப் படுகை இருக்கிறது. அதில் அடங்கிய ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்துப் பாறைகளில் பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய தாவரங்களின் இலைத்தடங்கள் கிடைத்திருக்கின்றன. கோண்டுவானா பெருநிலம் உடைந்த காலத்தில் படிந்த பாறைகள் அவை. காவிரிப் படுகை பிறந்ததும் அதே உடைப்பில்தான். ஆனாலும் பாலாற்றுப் படுகையின் நிலப்பகுதியில் இன்றுவரை எண்ணெய் உற்பத்தி இல்லை. எண்ணெய் சேர மூலப்பாறை, அதை வேகவைக்கும் ஆழம், தேக்கும் பாறை, மேலே மூடி, ஓடிவிடாமல் பிடித்துவைக்கும் அமைப்பு என எல்லாமே ஒரே இடத்தில் கூடி வர வேண்டும்.

● கைலாசநாதர் கோயில் சுவரைப் பாருங்கள்
ராஜசிம்மப் பல்லவன் எழுப்பிய காஞ்சி கைலாசநாதர் கோயிலின் அடித்தளம் கருங்கல், மேலே மணற்கல். மணற்கல்லின் மணிகளுக்கு இடையே நுண்ணிய துளைகள் உண்டு. உலகின் எண்ணெய் வயல்கள் பலவற்றில் எண்ணெய் தங்கியிருப்பது இத்தகைய துளைகளில்தான். பூமிக்கடியில் எண்ணெய் ஏரி எதுவும் கிடையாது; கல்லுக்குள் கசிந்து நிற்கும் ஈரம்தான் எண்ணெய்.

● கருங்கல்லிலும் எண்ணெய்
கருங்கல்லில் துளை இல்லை. ஆனால் விரிசல் விட்டிருந்தால் அதற்குள்ளும் எண்ணெய் புகும். சீர்காழிப் பக்கத்து மாதானத்திலும், கடலுக்குள் இருக்கும் பி.ஒய்-1 வயலிலும் அடித்தளப் பாறையின் விரிசல்களே தேக்கமாக அமைந்தன. விரிசல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று மேலிருந்து அளப்பது கடினம். அதனால் இத்தகைய வயல்களின் கணக்கு சட்டென்று மாறக்கூடியது.

● மூன்று பெரிய வகைகள்
உலகம் பெரிதும் பின்பற்றும் வகைப்பாட்டைப் பெட்ரோலியப் பொறியாளர் சங்கமும் பிற அமைப்புகளும் 2007-ல் வெளியிட்டு, 2018-ல் திருத்தின. காஞ்சிபுரத்துத் தறியை வைத்து அதைப் புரிந்துகொள்ளலாம். தறியில் பாவு ஏறிவிட்டது, வாங்குபவரும் விலையும் முடிவாகிவிட்டன என்றால் அது ‘இருப்பு’. பட்டு நூல் வீட்டில் இருக்கிறது, விலை இன்னும் படியவில்லை என்றால் ‘நிபந்தனைக்குட்பட்ட வளம்’. அடுத்த முகூர்த்தத்துக்கு ஆர்டர் வரலாம் என்ற நம்பிக்கை மட்டும் என்றால் ‘எதிர்பார்ப்பு வளம்’. மூன்றையும் கூட்டி ஒரே தொகையாகச் சொல்லக் கூடாது.

● 90, 50, 10
இருப்புக்குள்ளேயே மூன்று படிகள் உண்டு. குறைந்தது இவ்வளவாவது கிடைக்கும் என்பதற்கு 90 சதவீத வாய்ப்பு இருந்தால் அது ‘உறுதி செய்யப்பட்டது’. ‘அநேகமாகக் கிடைக்கும்’ என்பதைச் சேர்த்தால் வாய்ப்பு 50 சதவீதம். ‘கிடைத்தாலும் கிடைக்கலாம்’ என்பதையும் சேர்த்தால் 10 சதவீதம். எண் பெரிதாகப் பெரிதாக உறுதி குறைகிறது.

● கணக்கை நீங்களே போடலாம்
1 சதுர கிலோமீட்டர் பரப்பு, 10 மீட்டர் தடிமன் என்றால் பாறையின் கன அளவு 1 கோடி கன மீட்டர். துளைகள் 20 சதவீதம் என்றால் 20 லட்சம். அதில் 70 சதவீதம் எண்ணெய், மீதி நீர் என்றால் 14 லட்சம். மேலே வரும்போது வாயு பிரிந்து எண்ணெய் சுருங்கும், 1.25-ஆல் வகுத்தால் 11.2 லட்சம். அதில் 30 சதவீதம் மட்டும் எடுக்க முடிந்தால் 3.36 லட்சம் கன மீட்டர், அதாவது சுமார் 21 லட்சம் பீப்பாய். இந்தியாவின் அரை நாள் தேவைக்குக்கூட இது காணாது. இந்தப் பெருக்கலில் ஓர் எண் பிசகினாலும் விடை முழுவதும் பிசகும்.

● இருப்பதெல்லாம் எடுப்பதற்கில்லை
உலக அளவில் பாறையிலுள்ள எண்ணெயில் சராசரியாக மூன்றில் ஒரு பங்குதான் மேலே வருகிறது. மிச்சம் துளைகளில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். நீரையும் வாயுவையும் செலுத்தித் தள்ளினால் இன்னும் கொஞ்சம் வரும். மீட்பு விகிதம் ஒரு சதவீதம் கூடினாலே புதிய வயல் எதுவும் கண்டுபிடிக்காமல் இருப்பு உயர்ந்துவிடும்.

● கிணறு பேசத் தொடங்கினால்
தொடக்கத்தில் நில அதிர்வு ஆய்வும் சோதனைக் கிணறும்தான் சாட்சி. உற்பத்தி தொடங்கிய பிறகு, அழுத்தம் எவ்வளவு இறங்குகிறது, தினசரி வரத்து எப்படிச் சரிகிறது என்று பார்த்துப் பழைய கணக்கைத் திருத்துவார்கள். வயதான வயலின் கணக்குதான் நம்பிக்கைக்கு உரியது.

● 26 படுகைகள்
இந்தியாவில் படிவுப் படுகைகள் 26. பரப்பு சுமார் 33.6 லட்சம் சதுர கிலோமீட்டர். இருப்பு உறுதியாகி உற்பத்தி நடப்பவை முதல் வகை. கண்டறிந்தும் வணிக உற்பத்திக்கு வராதவை இரண்டாம் வகை. எதிர்பார்ப்பு மட்டுமே உள்ளவை மூன்றாம் வகை. 1960களிலேயே காரைக்கால் பக்கம் துளையிடத் தொடங்கி, 1980களில் நரிமணத்தில் எண்ணெய் கண்ட காவிரிப் படுகை முதல் வகையில் இருக்கிறது. நாகப்பட்டினம் அருகே பனங்குடியில் 1993-ல் சுத்திகரிப்பு ஆலையும் வந்தது.

● 4,187 கோடி எங்கே, 58.7 கோடி எங்கே?
2017-ல் முடிந்த தேசிய மதிப்பீடு, எரிவாயுவையும் எண்ணெய்க் கணக்கில் சேர்த்து, நாட்டின் மொத்த வளம் 4,187 கோடி டன் என்றது. முந்தைய மதிப்பீடு 2,808 கோடி டன். ஆனால் 2021 ஏப்ரல் நிலவரப்படி எடுக்கக்கூடிய கச்சா எண்ணெய் இருப்பு 58.7 கோடி டன் மட்டுமே. எரிவாயு இருப்பைச் சேர்த்தாலும் 200 கோடி டன்னைத் தொடாது. 4,187 கோடி என்பது பாறைக்குள் இருக்கக்கூடியவை எல்லாம். 58.7 கோடி என்பது கைக்கு எட்டுபவை மட்டும்.

● கிருஷ்ணா-கோதாவரி தந்த பாடம்
ஆந்திரக் கடலில் 2002-ல் கண்டறிந்த கே.ஜி. டி-6 வாயு வயலின் இருப்பு முதலில் சுமார் 10 லட்சம் கோடி கன அடி என்று மதிப்பிடப்பட்டது. 2009-ல் உற்பத்தி தொடங்கியது. இலக்கு நாளுக்கு 8 கோடி கன மீட்டர். 2010-ல் 6 கோடியைத் தாண்டிய உற்பத்தி பிறகு சரிந்தது. இருப்பும் சுமார் 3 லட்சம் கோடி கன அடியாகக் குறைக்கப்பட்டது. பாறை எதிர்பார்த்ததைவிடச் சிக்கலானது என்றது வயலை நடத்திய நிறுவனம். திட்டமிட்ட அளவு கிணறுகள் தோண்டப்படவில்லை என்றது அரசு. இந்த வாயுவை நம்பிக் கட்டிய மின்நிலையங்கள் எரிபொருள் இல்லாமல் முடங்கின.

● விலை இறங்கினால் இருப்பும் இறங்கும்
எடுக்கும் செலவு விற்கும் விலையைவிடக் கூடினால் அந்த எண்ணெயை இருப்பில் சேர்க்க முடியாது. கொரோனாவால் விலை சரிந்த 2020-ல், எக்ஸான் மொபில் நிறுவனத்தின் உறுதியான இருப்பு சுமார் 2,240 கோடி பீப்பாயிலிருந்து 1,520 கோடியாகக் குறைந்தது. மண்ணுக்கடியில் இருந்த எண்ணெய் எங்கும் போய்விடவில்லை; கணக்கேட்டில் அதன் இடம்தான் மாறியது.

● மன்னார் வளைகுடா
இலங்கைக் கடலில் மன்னார் படுகையில் கெய்ர்ன் நிறுவனம் 2011-ல் டொராடோ, பராகுடா என்ற இரு கிணறுகளில் எரிவாயு கண்டது. பின்னர் நிறுவனம் விலகிச் சென்றது. வாயு இருப்பது கிணற்றிலேயே தெரிந்தது; ஆனாலும் உற்பத்தி தொடங்கவில்லை. நிபந்தனைக்குட்பட்ட வளத்துக்கு நம் கண்ணெதிரே உள்ள எடுத்துக்காட்டு இது.

● சட்டமும் ஓர் அளவுகோல்
புதுக்கோட்டை மாவட்டத்து நெடுவாசல், சிறிய எண்ணெய் வயல்களுக்கான ஏலத்தில் 2017-ல் தனியாருக்கு ஒதுக்கப்பட்டபோது மக்கள் திரண்டு எதிர்த்தார்கள். 2020-ல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம், டெல்டாவில் புதிய எண்ணெய், எரிவாயுத் திட்டங்களுக்குத் தடை போட்டது. அனுமதி இல்லாத எண்ணெயை இருப்பு என்று சொல்லக் கூடாது என்பதே உலக விதி. விளைநிலமும் நிலத்தடி நீரும் அந்தக் கணக்கில் சேர்ந்தது நியாயமே.

● பொய்க்கணக்குக்குத் தண்டனை
2004 ஜனவரியில் ஷெல் நிறுவனம் தன் உறுதியான இருப்பில் 20 சதவீதத்தை, அதாவது 390 கோடி பீப்பாயைக் குறைத்து அறிவித்தது. மார்ச்சில் தலைவர் பதவி விலகினார். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் அபராதம் விதிக்கப்பட்டது.

● நாடுகளைத் தணிக்கை செய்வது யார்?
1980களில் குவைத், ஐக்கிய அரபு அமீரகம், ஈரான், ஈராக், வெனிசுலா ஆகிய நாடுகள் அடுத்தடுத்துத் தங்கள் இருப்பைப் பெருமளவு உயர்த்தி அறிவித்தன. அந்த ஆண்டுகளில் அதற்கு ஈடான புதிய வயல்கள் கண்டுபிடிக்கப்படவில்லை. எண்ணெய் ஏற்றுமதி நாடுகளின் கூட்டமைப்பான ஓபெக்கின் உற்பத்திப் பங்கீட்டில் கூடுதல் இடம் பிடிக்கவே என்ற ஐயம் இன்றும் இருக்கிறது. பங்குச் சந்தையில் உள்ள நிறுவனங்களைக் கேட்க ஆள் உண்டு. அரசுகளைக் கேட்க இல்லை.

● 20 ஆண்டில் தீர்ந்துவிடுமா?
இந்தியாவின் 58.7 கோடி டன் இருப்பை, ஆண்டுக்கு சுமார் 3 கோடி டன் உற்பத்தியால் வகுத்தால் சுமார் 20 வரும். இது கெடு தேதி அல்ல. இருப்பும் உற்பத்தியும் ஆண்டுதோறும் மாறும். 1974-ல் கண்டறிந்த பம்பாய் ஹை அரை நூற்றாண்டு கடந்தும் எண்ணெய் தருகிறது.

● சேமிப்புக் கிடங்கு வேறு
விசாகப்பட்டினம், மங்களூரு, பாதூர் ஆகிய இடங்களில் பாறையைக் குடைந்து கட்டிய கிடங்குகளில் 53.3 லட்சம் டன் கச்சா எண்ணெயைச் சேமிக்கலாம். இது நெருக்கடிக்காக வாங்கி வைப்பது. நாட்டின் இயற்கை இருப்பில் சேராது.

‘பெரும் எண்ணெய் வளம் கண்டுபிடிப்பு’ என்று அடுத்த முறை செய்தி வந்தால் மூன்று கேள்விகள் கேளுங்கள். பாறையில் இருப்பதா, எடுக்கக்கூடியதா? எத்தனை சதவீத உறுதி? எந்த விலைக்கு, யார் அனுமதியோடு? இந்த மூன்றுக்கும் பதில் சொல்லாத எண் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அதை நம்பித் திட்டம் போடக் கூடாது.