பொம்மை நீர்மூழ்கி சொல்லாமல் விடுவது

டென்மார்க்கைச் சேர்ந்த லெகோ நிறுவனம் 2011-ஆம் ஆண்டு ஜப்பானில் ஒரு பொம்மையை வெளியிட்டது. பெயர் 'ஷின்காய் 6500'. ரசிகர்களின் வாக்கெடுப்பில் ஆயிரம் வாக்குகள் பெற்றதால் உருவான பொம்மை இது. பெட்டியில் 400-க்கும் மேற்பட்ட சிறு பிளாஸ்டிக் கட்டைகள் இருக்கும். கையேட்டிலுள்ள படங்களைப் பார்த்து ஒவ்வொன்றாகப் பொருத்தினால் ஒரு நீர்மூழ்கி உருவாகும்.

இந்தப் பொம்மைக்கு மூலமான ஊர்தி உண்மையிலேயே உண்டு. ஜப்பானின் 'ஜாம்ஸ்டெக்' கடலாய்வு நிறுவனத்தின் ஷின்காய் 6500, மூன்று பேரைச் சுமந்துகொண்டு 6500 மீட்டர் ஆழம் வரை செல்லக்கூடியது.

இத்தகைய கட்டைப் பொம்மைகள் இன்று பல வீடுகளிலும் சில பள்ளிகளிலும் இருக்கின்றன. குழந்தை பொறுமையாகக் கட்டி முடிக்கிறது; நாம் பாராட்டுகிறோம்; பொம்மை அலமாரிக்குப் போகிறது. நீர்மூழ்கியின் வடிவத்தை அந்தக் குழந்தை அறிந்துகொண்டது. ஆனால் அது எப்படி மூழ்குகிறது, எப்படி மேலே வருகிறது, ஆழத்தில் ஏன் நசுங்குவதில்லை என்ற மூன்று கேள்விகளுக்கும் பொம்மையில் விடை இல்லை. நம் பாடநூல்களில் மிதப்பு, அழுத்தம், அடர்த்தி என்று வருபவை இந்த விடைகளே. ஆகவே, பொம்மை எங்கே உண்மையிலிருந்து விலகுகிறதோ அங்கே பாடத்தைத் தொடங்கலாம்.

எப்படி மூழ்குகிறது?

கட்டி முடித்த பொம்மையை ஒரு வாளி நீரில் மெதுவாக வைக்கச் சொல்லுங்கள். இக்கட்டைகள் ஏபிஎஸ் என்னும் பிளாஸ்டிக்கால் ஆனவை. அதன் அடர்த்தி நீரைவிடச் சற்றே அதிகம். ஆனாலும் பொம்மை முதலில் மிதக்கக்கூடும். கட்டைகளின் அடிக்குழிகளில் காற்று சிக்கியிருப்பதே காரணம். சாய்த்து அசைத்தால் குமிழிகள் வெளியேறும். நீர் உள்ளே புகும். பொம்மை கீழே போகும்.

"பிளாஸ்டிக்கின் எடை கூடியதா?" என்று கேளுங்கள். கூடவில்லை. காற்று இருந்த இடத்தில் நீர் வந்திருக்கிறது. அதனால் மொத்தப் பொருளின் சராசரி அடர்த்தி கூடிவிட்டது. கடற்படை நீர்மூழ்கிக் கப்பல்களும் தொட்டிகளில் கடல்நீரை நிரப்பி இப்படித்தான் மூழ்குகின்றன. கனமான பொருள் மூழ்கும், இலேசான பொருள் மிதக்கும் என்று தொடக்க வகுப்புக் குழந்தைகள் சொல்வதைத் திருத்த இந்த ஒரு வாளி நீர் போதும்.

எப்படி மேலே வருகிறது?

மூழ்கிய பொம்மை தானாக எழாது. எழுவதைக் காட்ட வேறு மாதிரி வேண்டும். துளையில்லாத பேனா மூடி ஒன்றின் விளிம்பில் சிறிது களிமண் ஒட்டி, வாய்ப்புறம் கீழே இருக்குமாறு நீரில் மிதக்க விடுங்கள். நுனி மட்டும் நீருக்கு மேலே தெரியும்படி களிமண்ணைக் கூட்டியோ குறைத்தோ சரிசெய்யுங்கள். பிறகு, வாய்வரை நீர் நிரப்பிய பிளாஸ்டிக் பாட்டிலில் அதைப் போட்டு இறுக மூடுங்கள். பாட்டிலை அழுத்தினால் மூடிக்குள் இருக்கும் காற்று சுருங்கி நீர் புகும். பேனா மூடி இறங்கும். கையை விட்டால் மேலே வரும்.

நீர்மூழ்கிக் கப்பல்கள் அழுத்தப்பட்ட காற்றைச் செலுத்தி, தொட்டி நீரை வெளியேற்றி மேலே எழுகின்றன. ஆனால் 6500 மீட்டர் ஆழத்தில் நீரின் அழுத்தத்தை மீறி இப்படிச் செய்வது மிகக் கடினம். ஆகவே ஷின்காய் வேறு வழியைப் பின்பற்றுகிறது. இரும்பு எடைகளைச் சுமந்தபடி அது கீழே இறங்கும். கடலடியை நெருங்கியதும் ஒரு பகுதி எடையை விடுவித்து, மிதக்காமலும் மூழ்காமலும் நிற்கும். வேலை முடிந்ததும் மீதி எடையை விடுவித்து மேலே எழும். அதன் உடலில் பொதிந்துள்ள, நுண்ணிய கண்ணாடிக் குமிழிகளைப் பிசினில் கலந்து செய்த மிதவைப் பொருள் அதைத் தூக்கிவிடுகிறது.

ஏன் நசுங்குவதில்லை?

ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்திற்கும் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 6500 மீட்டரில் எவ்வளவு என்று மாணவர்களையே கணக்கிடச் சொல்லுங்கள். 650 மடங்கு வரும். அதாவது, ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில், நம் விரல் நகம் அளவு இடத்தில், சுமார் 650 கிலோகிராம் எடை அழுத்துகிறது.

செவ்வகக் கட்டைகளால் ஆன பொம்மை காட்டாத முக்கியச் செய்தி இங்கேதான் வருகிறது. ஷின்காயில் மனிதர்கள் அமரும் அறை ஒரு கோளம். உள்விட்டம் 2 மீட்டர். டைட்டானியம் உலோகக்கலவையால் ஆன அதன் சுவர் 73.5 மில்லிமீட்டர் தடிமன் கொண்டது. கோளத்தில் அழுத்தம் எல்லாத் திசையிலும் சமமாகப் பரவுகிறது. தட்டையான பக்கம் எளிதில் உள்வாங்கிவிடும். காலியான பழச்சாறு அட்டைப் பெட்டியிலிருந்து உறிஞ்சுகுழலால் காற்றை உறிஞ்சிக் காட்டுங்கள். தட்டைப் பக்கங்கள் உடனே உள்ளே குழியும்.

வகுப்பறையில்

எட்டாம் வகுப்பின் 'விசையும் அழுத்தமும்', ஒன்பதாம் வகுப்பின் 'பாய்மங்கள்' ஆகிய பாடங்களுடன் இதை இணைக்கலாம். கரும்பலகையில் மூன்று கட்டங்கள் வரையுங்கள்: பொம்மை சரியாகக் காட்டுவது, தவறாகக் காட்டுவது, காட்டாமலே விடுவது. குழுவாகப் பேசி மாணவர்கள் நிரப்பட்டும். மூன்றாம் கட்டம்தான் நிறையும். பூகோள உருண்டை, இதய மாதிரி, அணு மாதிரி என எந்தக் கற்றல் கருவிக்கும் இதே மூன்று கேள்விகள் பொருந்தும். எந்த மாதிரியையும் அப்படியே உண்மை என்று ஏற்காமல், அதன் எல்லையைக் கேட்டறியும் பழக்கம் இதனால் வளரும்.

விலை உயர்ந்த பெட்டி பள்ளியில் இல்லையே என்ற கவலை வேண்டாம். வாளி, பாட்டில், பேனா மூடி, அட்டைப் பெட்டி ஆகியவை எல்லாப் பள்ளிகளிலும் கிடைக்கும். பொம்மைக்குப் பதிலாக ஒரு படத்தை வைத்தும் கேள்விகளைத் தொடங்கலாம்.

சென்னையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம், மூன்று பேரை 6000 மீட்டர் ஆழத்திற்குக் கொண்டு செல்லும் 'மத்ஸ்யா 6000' ஊர்தியை உருவாக்கி வருகிறது. அதிலும் மனிதர் அமரும் அறை டைட்டானியக் கோளமே. அதன் படத்தை வகுப்பில் காட்டி, "இது ஏன் உருண்டையாக இருக்கிறது?" என்று மட்டும் கேளுங்கள். காரணத்தை மாணவர்களே சொல்லட்டும்.