கடல் காப்பாற்றும், மழை கொன்றுவிடும்: பழைய மரப்படகு மறுபடி பிழைக்கும் அதிசயம் தெரியுமா?

பள்ளிப்பட்டில் நின்றுகொண்டு படகைப் பற்றிப் பேசலாமா? தாராளமாகப் பேசலாம்! ஆந்திராவில் கிருஷ்ணாபுரம் அணையைத் திறந்ததும் நம் தரைப்பாலத்தை மூழ்கடித்துக்கொண்டு பாய்கிறதே கொசஸ்தலை ஆறு, அது பள்ளிப்பட்டைக் கடந்து, பூண்டி நீர்த்தேக்கத்தைத் தொட்டு, சுமார் 136 கிலோமீட்டர் ஓடி எண்ணூர்க் கழிமுகத்தில் கடலைச் சேர்கிறது தெரியுமா? இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியான பழவேற்காட்டின் ஒரு பகுதியும் நம் திருவள்ளூர் மாவட்டத்தில்தான் இருக்கிறது. ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி சரவணப் பொய்கையில் முருகன் தெப்பமேறுவதைப் பார்த்து வளர்ந்த நாம், அதே மாவட்டத்தின் கடலோரத்தில் இஞ்சின் வைத்த மரப்படகுகள் செத்துப் பிழைக்கும் கதையைக் கேட்காமல் இருப்பது எவ்வளவு பெரிய இழப்பு!

முதல் கதை ஜெர்மனியில் நடக்கிறது. உலகின் முதல் பெட்ரோல் படகுகளில் ஒன்றை 1886இல் நெக்கார் ஆற்றில் ஓட்டியவர்கள் காட்லிப் டைம்லரும் வில்ஹெல்ம் மேபாக்கும்தான். ஆமாம், காருக்குப் பேர்போன அதே டைம்லர்! பெட்ரோல் என்றாலே வெடித்துவிடும் என்று ஜனங்கள் நடுங்கிய காலம் அது. டைம்லர் என்ன செய்தார் தெரியுமா? இஞ்சினைப் பீங்கான் உறையால் மூடிவிட்டு, ஏதோ மின்சாரத்தில் ஓடுவது போலச் சொல்லி வாடிக்கையாளர்களைச் சமாதானப்படுத்தினாராம்.

நம் பக்கத்து மீனவர் படகில் இஞ்சின் ஏறிய கதை இன்னும் சுவையானது. நார்வே, இந்தியா, ஐக்கிய நாடுகள் சபை மூன்றும் சேர்ந்து 1952இல் ஓர் ஒப்பந்தம் போட்டன. அதன்படி கொல்லத்தை அடுத்த நீண்டகரையில் நார்வேக்காரர்கள் வந்து இறங்கி, மரப்படகில் இஞ்சின் பொருத்திக் காட்டினார்கள். துடுப்பையும் பாயையும் நம்பியிருந்த தென்னிந்தியக் கடற்கரை சில பத்தாண்டுகளிலேயே விசைப்படகுக் கரையாக மாறிப்போனது.

சரி, படகு பழசாகிவிட்டால்? இங்கேதான் ஆச்சரியமே தொடங்குகிறது. மரப்படகை எது அழிக்கும் என்று யாரைக் கேட்டாலும் உப்புத் தண்ணீர் என்பார்கள். இல்லவே இல்லை! அதைக் கொல்வது மழைத் தண்ணீர்! மரத்தை மக்கவைக்கும் பூஞ்சைக்கு இரண்டு விஷயம் வேண்டும். ஒன்று, மரத்தில் ஏறத்தாழ 20 சதவீதத்துக்கு மேல் ஈரம். இன்னொன்று, காற்று. கடலுக்குள் எப்போதும் அமிழ்ந்திருக்கும் பலகைக்குக் காற்று கிடைப்பதில்லை, உப்பும் பூஞ்சைக்கு ஆகாது. அதனால் அடிப்பலகை அரை நூற்றாண்டு கழித்தும் கல்லாக நிற்கும். மேல்தளத்தில் ஒரு சின்ன விரிசல் வழியாக இறங்கிய மழைநீரோ, வெளியே பெயின்ட் பளபளக்க, உள்ளே மரத்தைப் பஞ்சாக்கியிருக்கும். பழைய படகை வாங்க வருகிற அனுபவசாலி கையில் சுத்தியலோடு வருவது இதற்காகத்தான். தட்டினால் ‘டங்’கென்று கேட்டால் மரம் நலம். ‘பொத்’தென்று கேட்டால் உள்ளே அழுகல். அந்தக் காலத்து அமெரிக்கக் கப்பல் கட்டுநர்கள், வங்கு எனப்படும் விலாச் சட்டங்களுக்கு நடுவில் கல்லுப்பைக் கொட்டியே நிரப்பிவைத்தார்கள். மேலேயிருந்து மழைநீர் கசிந்து இறங்கினாலும் அது உப்புநீராகத்தான் மரத்தைத் தொடவேண்டும் என்ற ஏற்பாடு! உப்பு போட்டு மாங்காயைக் காப்பாற்றுகிற நமக்கு இது உடனே புரிந்துவிடும்.

கடலிலும் ஓர் எதிரி உண்டு. கப்பல் புழு என்று பெயர், ஆனால் அது புழுவே அல்ல, சிப்பி இனம்! உடம்பு நீண்டு, தலையில் மட்டும் இரண்டு குட்டி ஓடு. அந்த ஓடுகளால் மரத்தைச் சுரண்டிச் சுரண்டி உள்ளே போகும். தின்ற மரத்தைச் செரிக்க அதன் செவுளில் வாழும் பாக்டீரியாக்கள் உதவுகின்றன. போகிற வழியெல்லாம் சுவரில் சுண்ணாம்பு பூசிக்கொண்டே போகும். மார்க் புருனெல் என்ற பொறியாளர் இதைப் பார்த்துத்தான் சுரங்கம் தோண்டும் கவசக் கருவியை யோசித்து 1818இல் காப்புரிமை வாங்கினார் என்பார்கள். அந்த முறையில்தான் லண்டனில் தேம்ஸ் ஆற்றுக்கு அடியிலேயே பாதை போட்டு 1843இல் திறந்தார். மெட்ரோ ரயிலுக்கு இன்று பூமிக்குள் துளை போடும் ராட்சத இயந்திரங்களுக்கு இதுதான் முன்னோடி!

இந்தச் சிப்பிக்கு உப்பு குறைந்த நீர் பிடிக்காது. 1628இல் முதல் பயணத்திலேயே மூழ்கிய ஸ்வீடன் போர்க்கப்பல் வாசாவை 1961இல் ஏறக்குறைய முழுசாகத் தூக்கியெடுக்க முடிந்ததற்கு, பால்டிக் கடலில் உப்பு குறைவு என்பது ஒரு முக்கியக் காரணம். 333 வருஷம் தண்ணீருக்குள்! வெளியே எடுத்தபின்தான் கவலையே. உலரும்போது வெடித்துவிடாமலிருக்க 17 ஆண்டுகள் ஒருவகை மெழுகு ரசாயனத்தைத் தெளித்துக்கொண்டே இருந்தார்கள்.

புழுவைத் தடுக்கச் செம்புத் தகடு போர்த்தும் பழக்கம் பிரிட்டிஷ் கடற்படையில் 1761இல் தொடங்கியது. கடல்நீர் செம்பை அரிக்கிறதே என்று விஞ்ஞானி ஹம்ஃப்ரி டேவியிடம் போனார்கள். 1824இல் அவர் சொன்ன வழி: செம்போடு துத்தநாகத்தையோ இரும்பையோ சேர்த்துவிடுங்கள், அது தன்னைக் கரைத்துக்கொண்டு செம்பைக் காக்கும். அப்படியே பலித்தது! ஆனால் செம்பு கரையாமல் போனதும், அதன் நஞ்சுக்குப் பயந்து ஒதுங்கியிருந்த கொட்டலசு மொத்தமும் கப்பலடியில் ஒட்டிக்கொண்டு வேகத்தைப் பிடித்து இழுத்தது. டேவியின் யோசனை மட்டும் சாகவில்லை. இன்றைக்கும் படகை உந்தும் விசிறிக்குப் பக்கத்தில் ஒரு துத்தநாகக் கட்டியைப் பொருத்துகிறார்கள். அது கரைந்து தீர்ந்தால் வேறொன்று. விலை உயர்ந்த விசிறியும் அச்சும் தப்பிக்கின்றன.

எனக்கு மிகவும் பிடித்த அதிசயம் இது: நன்றாகப் பழுது பார்த்த மரப்படகு தண்ணீரில் இறக்கியதும் ஒழுகும். ஒழுகத்தான் வேண்டும்! கரையில் மாதக்கணக்கில் காய்ந்த பலகைகள் சுருங்கி இடைவெளி விட்டிருக்கும். தண்ணீர் பட்டதும் மரம் அகலவாக்கில் ஊதும், நீளவாக்கில் அநேகமாக மாறவே மாறாது. அதனால் பலகையும் பலகையும் ஒன்றையொன்று நெருக்கி, சில நாட்களில் வாயை இறுக மூடிக்கொள்ளும். அதுவரை மோட்டார் வைத்துத் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருப்பார்கள். இடைவெளியில் பஞ்சுத் திரியை உளியால் அடித்து ஏற்றும் வேலைக்குக் கலப்பத்து என்று பெயர். அதன்மேல் எண்ணெயில் காய்ச்சிய குங்கிலியத்தைப் பூசுவது பழைய முறை. புன்னை எண்ணெயும் மீன் எண்ணெயும் பலகைக்கு உணவு. திரியைக் குறைவாக அடித்தால் ஒழுகும் என்பது யாருக்கும் தெரியும். அதிகமாக அடித்தால்? ஊதுகிற மரத்துக்கு இடமில்லாமல் ஆணிகள் பிடுங்கிக்கொள்ளும், வங்கே முறியும்! எவ்வளவு அடிப்பது என்பதற்கு எந்தக் கருவியும் இல்லை. சுத்தியல் எழுப்பும் ஓசையைக் கேட்டே படகுத் தச்சரான ஓடாவி கையை நிறுத்துகிறார். இந்தக் காதுக்கு ஒரு பல்கலைக்கழகப் பட்டம் தரலாம்.

கட்டியான மரச் சட்டத்தை நூல் பிசகாமல் வளைப்பது எப்படித் தெரியுமா? வேகவைப்பார்கள்! நீளமான பெட்டிக்குள் நீராவியை விட்டு, ஓர் அங்குல கனத்துக்கு ஒரு மணி நேரம் என்பது கணக்கு. மரத்தின் நார்களைப் பிணைத்திருக்கும் லிக்னின் அந்தச் சூட்டில் இளகிவிடும். வெளியே எடுத்தால் வளைக்க ஒரு நிமிஷம்கூடச் சரியாகக் கிடைக்காது. நாலு பேர் ஓடிவந்து அச்சில் அழுத்திக் கட்டிவிட்டால், ஆறியபின் அதே வளைவில் உறைந்துவிடும்.

ஆணியிலும் சூட்சுமம் உண்டு. பித்தளைத் திருகாணியை உப்புநீரில் விட்டால் அதிலுள்ள துத்தநாகம் மட்டும் கரைந்து போய், செம்பு சல்லடையாக மிஞ்சும். பார்க்க ஆணி மாதிரியே இருக்கும், தொட்டால் பொடியும்! அதனால்தான் வெளிநாட்டுப் பழைய படகுகளைச் சீர்செய்பவர்கள் வெண்கலத் திருகாணிகளைத் தேடிப் போகிறார்கள். ஆணியே வேண்டாம் என்று நினைத்தவர்கள் நம்மவர்கள். துறைமுகம் கட்டுவதற்கு முன் சென்னைக் கரையில் கப்பலுக்கும் மணலுக்கும் நடுவே ஆட்களையும் சரக்கையும் கொண்டுவந்த மசூலாப் படகுகள், பலகையோடு பலகையைத் தேங்காய் நார்க் கயிற்றால் தைத்தவை! அலை தூக்கி அடித்தால் ஆணிப் படகு பிளக்கும், தைத்த படகு நெளிந்து கொடுக்கும்.

இஞ்சினுக்கு வருவோம். நம் ஆறு கடலைச் சேரும் அதே எண்ணூரில்தான் அசோக் லேலண்ட் தொழிற்சாலை இருக்கிறது. லாரி இஞ்சினுக்குப் பேர்போன அந்த நிறுவனத்தின் இஞ்சின்கள் தமிழகத்து விசைப்படகுகளிலும் ஓடுகின்றன! லாரியில் ரேடியேட்டர் செய்யும் வேலையைப் படகில் கடலே செய்துவிடுகிறது. இன்னொன்று கேளுங்கள். இஞ்சினையும் விசிறி அச்சையும் ஒரே நேர்க்கோட்டில் நிறுத்தும் வேலையைக் கரையில் வைத்து முடிக்கவே முடியாது. தண்ணீரில் மிதக்கும்போது படகின் உடம்பு லேசாக வடிவம் மாறும். நன்றாக ஊறியபின், மிதந்தபடியே, மயிரிழை இடைவெளி பார்த்துச் சரிசெய்ய வேண்டும். இல்லையென்றால் அதிர்ந்தே அச்சு தேயும்.

இதே வேலையை வெளிநாட்டார் எந்த உயரத்துக்குக் கொண்டு போகிறார்கள் பாருங்கள்! இத்தாலியில் சார்னிகோ ஊரின் ரீவா பட்டறை 1842இல் தொடங்கியது. அதன் அக்வாராமா என்ற மஹோகனி மோட்டார் படகு 1962இல் வெளிவந்தது. இருபது தடவை வார்னிஷ் பூசுவார்கள். லம்போர்கினி காரைத் தந்த ஃபெருச்சியோ லம்போர்கினி 1968இல் ஒன்றை வாங்கி, தன் காரின் 12 சிலிண்டர் இஞ்சின்கள் இரண்டை அதில் பொருத்திக்கொண்டார்! பின்னாளில் எங்கோ மறந்து கிடந்த அந்தப் படகை நெதர்லாந்து நிபுணர்கள் மூன்று ஆண்டுகள் உழைத்து 2013இல் மறுபடி ஓடவிட்டார்கள். அமெரிக்காவின் கிறிஸ்-கிராஃப்ட் மரப்படகு வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு பாக்கியம். படகில் பொறித்த எண்ணைச் சொன்னால், அது பட்டறையை விட்டு வெளியேறியபோது எழுதிய அட்டையின் நகல் ஒரு கடல்சார் அருங்காட்சியகத்திலிருந்து கிடைக்கும். எந்த இஞ்சின், எந்த நிறம், யாருக்குப் போனது, எல்லாம் அதில் இருக்கும்.

டைட்டானிக்கில் உயிர் தப்பிய மூத்த அதிகாரி சார்லஸ் லைட்டோலர் பிறகு என்ன ஆனார் தெரியுமா? 1912இல் கட்டிய கடற்படையின் பழைய நீராவிப் படகு ஒன்றை 1929இல் வாங்கி, மோட்டார் படகாக மாற்றி, ‘சண்டவுனர்’ என்று பேர் வைத்தார். 1940இல் டன்கர்க் கரையில் சிக்கிய படைகளை மீட்க அரசு படகுகளைக் கேட்டபோது, 66 வயது மனிதர் தானே ஓட்டிப் போய், குண்டு மழைக்கு நடுவே சுமார் 130 பேரைத் திணித்து ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார்! பழசு என்று அந்தப் படகை யாராவது விறகாக்கியிருந்தால் அந்த 130 பேர்?

நியூ ஆர்லியன்ஸில் நடந்தது இதற்குச் சளைத்ததல்ல. இரண்டாம் உலகப் போரில் ஓடிய பி.டி. 305 என்ற மரத்தாலான போர்ப்படகைப் போருக்குப் பின் விற்றுவிட்டார்கள். வாங்கியவர்கள் பின்பக்கத்தில் 13 அடியை அறுத்தே எறிந்து, சிப்பி அள்ளும் படகாக்கினார்கள். அருங்காட்சியகம் ஒன்று அதை 2007இல் மீட்டது. ஊரின் தன்னார்வலர்கள் ஒரு லட்சம் மணி நேரத்துக்கு மேல் உழைத்து, அறுத்த பாகத்தைப் புதிதாகக் கட்டி, மூன்று இஞ்சின்களோடு 2017இல் தண்ணீரில் சீறவைத்தார்கள்!

இதையெல்லாம் பார்க்க அமெரிக்கா போக வேண்டியதில்லை. தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் 2001 முதல் ஆண்டுதோறும் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் உண்டு. முன்பு 45 நாள், இப்போது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். மீன் குஞ்சு பொரிக்க விட்ட அந்த ஓய்வில்தான் படகுகள் கரையேறுகின்றன. பலகை மாற்றுவது, கலப்பத்து, பெயின்ட், இஞ்சினைப் பிரித்துக் கோர்ப்பது, எல்லாம் ஒரே நேரத்தில் நடக்கும். ஃபைபரும் இரும்பும் பெருகிவிட்ட பிறகு மரவேலை ஆண்டுக்காண்டு குறைந்துகொண்டே வருகிறது. கோடை விடுமுறையில் பிள்ளைகளை எங்கே கூட்டிப் போகலாம் என்று யோசிப்பவர்கள் திருத்தணியில் மின்சார ரயில் ஏறி சென்னையில் இறங்கி, காசிமேட்டுக்குப் போங்கள். காலை வெயில் ஏறுமுன் போனால் ஓடாவிகளிடம் நின்று பேச நேரமிருக்கும். ஜூன் 14க்குப் பிறகு போனால் படகுகள் கடலில் இருக்கும்.