காற்று நகர்த்திய மலை, டிப்பர் ஏற்றிய மலை

போன ஆவணிச் சோளகத்தில் ஜேர்மனியில் இருந்து தங்கச்சியின் குடும்பம் வந்திருந்தது. மூத்தவனுக்குப் பத்து வயது. மணற்காட்டுக்குக் கூட்டிப் போனேன். சவுக்கங்காட்டைத் தாண்டி, வெள்ளை மணல் மேடாக எழும்பி நின்ற இடத்தில் அண்ணாந்து பார்த்தவன் கேட்ட முதல் கேள்வி: "மாமா, லிஃப்ட் எங்க?"

அவன் பகிடிக்குக் கேட்கவில்லை. அவர்கள் இருப்பது பவேரியாவில். அங்கே ஹிர்ஷாவ் என்று ஒரு சிற்றூர். கயோலின் என்ற வெண்களியைத் தோண்டி எடுத்தபோது கழிந்த மணலை ஒரே இடத்தில் கொட்டிக் கொட்டி, சுமார் 120 மீற்றர் உயரத்துக்கு ஒரு மலையே எழும்பிவிட்டது. மொன்டே கயோலினோ என்று பெயர். மூன்று கோடி தொன்னுக்கு மேற்பட்ட மணல் அது. கோடையிலேயே பலகையைக் காலில் பூட்டிக்கொண்டு அதில் சறுக்குகிறார்கள். மணற்சறுக்கு உலகப் போட்டிகள் கூட அங்கே நடந்திருக்கின்றன. உச்சிக்குக் கொண்டுபோய் விட லிஃப்ட் இருக்கிறது. ஆக, மணல்மலை என்றால் அவனுக்கு லிஃப்டும் சேர்ந்ததுதான்.

"இஞ்சை லிஃப்ட் இல்லையடா. கால்தான்," என்றேன்.

ஏறினோம். ஓர் அடி வைத்தால் அரை அடி கீழே இறங்கும். கணுக்கால் வரை புதையும். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தால்தான் கொஞ்சமாவது ஏறலாம். ஆனால் பின்னேரம் ஐந்து மணிக்கு முன்னர் கழற்றினால் பாதம் வெந்துவிடும். உச்சிக்கு வந்ததும் கிழக்கே கடல், மேற்கே பனங்கூடல். அவன் ஒன்றும் பேசவில்லை. இருந்த இடத்திலேயே சறுக்கத் தொடங்கினான்.

யாழ்ப்பாணத்தான் மலை என்ற சொல்லை உள்ளூரில் பாவிக்க வாய்ப்பே இல்லாதவன். கீரிமலைக்குப் பெயரில் மலை உண்டு. போய்ப் பார்த்தால் கடலோரத்துக் கேணிதான். குடாநாடு முழுவதும் சுண்ணக்கல்லின் மேல் விரித்த பாய்போலத் தட்டை. வடமராட்சியின் கிழக்குக் கரையோரம் மட்டும் வல்லிபுரம், மணற்காடு, குடத்தனை, அம்பன், நாகர்கோவில் என்று மணல் எழும்பி எழும்பிப் போகிறது. எங்களுக்கு மலை என்று ஒன்று இருந்தால் அது இதுதான்.

சின்ன வயதில் இந்த மணலை நான் முதலில் கண்டது வல்லிபுர ஆழ்வாரின் கடல் தீர்த்தத்துக்குப் போனபோது. புரட்டாதிப் பூரணையில் சுவாமி கடலுக்குப் போவார். பின்னால் ஊரே மணலில் இறங்கும். அம்மம்மா என் கையைப் பிடித்திருந்தாள். அவளுக்கு முழங்கால் வருத்தம். ஆனால் அந்த மணலில் அவள் என்னைவிட வேகமாக நடந்தாள். முன்னே போனவரின் கால் பதிந்த பள்ளத்தில் உன் காலை வைத்து நட என்று சொல்லித் தந்தாள். மிதிபட்ட மணல் கொஞ்சம் இறுகி நிற்கும். புது மணலில் கால் வைத்தால் இழுக்கும். பனிமலையில் நடப்பவர்களும் இப்படித்தான் முன்னே போனவரின் தடத்தில் கால் வைப்பார்களாம், தங்கச்சி சொன்னாள்.

அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குச் சறுக்குவதற்குக் காய்ந்த தென்னம்பாளை போதும். பாளையின் குழிவுக்குள் குந்திக்கொண்டு, நுனியை இரு கையாலும் இழுத்துப் பிடித்தால் வண்டி தயார். எப்போது சறுக்கலாம் என்பதில் அவர்களுக்கு ஒரு கணக்கு இருந்தது. மாரி மழையில் நனைந்த மணல் இறுகிப்போகும், பாளை ஓடாது. தை பிறந்து வெயில் காய்ந்ததும் மேல் மணல் உதிரும். சோளகம் எழும்பிவிட்டால் மேட்டின் ஒரு பக்கம் சரிவாகவும் மறுபக்கம் செங்குத்தாகவும் மாறும். காற்றுக்கு மறைவான அந்தச் செங்குத்துப் பக்கம்தான் சறுக்குக்கு ஏற்றது. காய்ந்த மணல் தானாகச் சரியாமல் நிற்கக்கூடிய கோணம் சுமார் 34 பாகை. கொஞ்சம் கூடினாலும் மேலே இருந்து ஒரு தகடு பிரிந்து ஓடிவந்து கோணத்தைச் சரிசெய்துவிடும். பாகைமானி பிடிக்காத பிள்ளைகளுக்கும் அது தெரிந்திருந்தது: மேலே ஒரு கல்லைப் போட்டால் மணல் ஓடுகிறதா என்று பார்ப்பார்கள். ஓடினால் அன்றைக்கு நல்ல மணல்.

இரண்டு காற்றுக்கு நடுவில்தான் இந்த மேடுகள் இருந்தன. சோளகம் தென்மேற்கில் இருந்து வரும். மணலைக் கடலை நோக்கித் தள்ளும். வாடை வடகிழக்கில் இருந்து வரும். ஊரை நோக்கித் தள்ளும். "மணல் நடக்கும்" என்று அங்குள்ளவர்கள் சொல்வது உவமைக்காக அல்ல. மணற்காட்டில் பழைய அந்தோனியார் தேவாலயத்தின் இடிபாடு இன்றைக்கும் மணலுக்குள் நிற்கிறது. கூரை இல்லை, சுவர்களும் வளைவும் மட்டும் மிச்சம். பக்கத்தில் பனைகள் சில மார்பளவு புதைந்து நிற்கும். வேலி அடைத்தவனின் வேலி அடுத்த வாடைக்கு மணலுக்குள் போய்விடும் என்பார்கள்.

அன்றைய பயம் அதுதான்: மணல் வந்து மூடிவிடும்.

அந்தப் பயத்தில்தான் சவுக்கு நட்டார்கள். காற்றின் வேகத்தைக் குறைத்து மணலை நிற்கவைக்க நட்ட காடு, இன்றைக்குச் சனி ஞாயிறில் சோற்றுப் பொதியோடு குடும்பங்கள் வந்து குந்துகிற இடமாகிவிட்டது. நிழல் நல்லதுதான். ஆனால் சவுக்கு இந்த மண்ணின் மரம் அல்ல. அதன் சருகு மெத்தைக்குள் வேறு எதுவும் இலகுவில் முளைக்காது. மணலைக் கட்டிப் பிடித்தவை அதற்கு முன்னமே இங்கே இருந்தன: இராவணன் மீசையும் அடம்பனும். இராவணன் மீசை மணல் மூட மூட மேலே மேலே கணு விட்டு எழும்பும். அதன் காய்ந்த முள்ளுப் பந்து சோளகத்தில் கழன்று கரை முழுக்க உருண்டோடும். பிள்ளைகள் துரத்துவோம், பிடித்தால் விரலில் குத்தும். அடம்பன் கொடி திரண்டால் மிடுக்கு என்று பழமொழி சொல்கிறோம். அந்தத் திரண்ட கொடியைக் கண்ணால் பார்க்க இந்த மேட்டுக்குத்தான் வரவேண்டும்.

மணலுக்குள் இன்னொன்றும் இருந்தது. எங்களுக்கு வற்றாத ஆறு இல்லை. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை பெய்கிற மழைதான் வருடம் முழுவதற்குமான தண்ணீர். மணல்மேட்டில் விழுந்த மழை ஓடாது. அப்படியே உள்ளே இறங்கி, அடியில் உள்ள உப்புத் தண்ணீருக்கு மேல் நன்னீராக மிதக்கும். கடல்மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால், கீழே நாற்பது அடி அளவுக்கு உப்பு விலகி நிற்கும் என்பது நிலத்தடி நீர்க் கணக்கு. கடலில் இருந்து கூப்பிடு தூரத்தில் மணலைக் கையால் தோண்டிப் பூவல் எடுப்பார்கள். தண்ணீர் ஊறும்வரை பக்கத்தில் இருக்கவேண்டும். சிரட்டையால் அள்ளிக் குடித்தால் இளநீர்ச் சுவை. அம்மம்மா எனக்கு அப்படி அள்ளித் தந்தாள். அலை இரைச்சல் காதில் விழ, வாயில் உப்பில்லாத தண்ணீர்.

போர்க்காலத்தில் இந்தக் கரை பட்டதை ஒரு பத்தியில் சொல்லித் தீராது. ஆனால் மணலைப் பற்றி ஒன்று சொல்லலாம். 1990க்குப் பிறகு பொருளாதாரத் தடையில் சீமெந்தும் தடைப்பட்ட பொருள். சீமெந்து இல்லாத ஊரில் மணலுக்கு வேலை இல்லை. வீடுகள் இடிந்தன, கட்டுவாரில்லை. மணல்மேடு தன்பாட்டில் கிடந்தது.

2004 டிசம்பர் 26 கடல் வந்தது. மணற்காடு முதல் உடுத்துறை வரை இந்தக் கரை கொடுத்த உயிர்களுக்கு உடுத்துறையில் நினைவாலயம் இருக்கிறது. அந்த அலைக்குப் பிறகு இலங்கைக் கரைகளைப் பார்வையிட வந்த ஆய்வாளர்கள் யாலவில் கண்டதை எழுதினார்கள்: கடல் நன்றாகத் தெரியட்டும் என்று முன்னால் இருந்த மணல்மேட்டை வெட்டிய ஒரு விடுதி முற்றாக அழிந்துபோயிருந்தது. மணல்மேடு என்பது கரையோரத்து ஊருக்கு மதில். பணம் செலவில்லாமல் காற்று கட்டிக்கொடுத்த மதில்.

2009இல் போர் முடிந்தது. இருபது வருடம் கட்டாமல் விட்ட வீடுகளை எல்லாம் ஒன்றாகக் கட்டத் தொடங்கினோம். இந்திய அரசின் வீட்டுத்திட்டம் 2010இல் அறிவிக்கப்பட்டது. வடக்குக் கிழக்குக்கு என்று தொடங்கிப் பின்னர் மலையகத்துக்கும் விரிந்த அந்தத் திட்டத்தில் 50,000 வீடுகள். அதைவிட வெளிநாட்டுக் காசில் எழும்பிய வீடுகள், கடைகள், கல்யாண மண்டபங்கள், மதில்கள். நாம் ஏங்கிக் கிடந்த வீடுகள் அவை. யாரையும் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் வீடு எழும்ப மணல் வேண்டும். மழை நூற்றாண்டுக் கணக்காக உப்பைக் கழுவிவிட்ட மணல், கிண்டினால் உடனே கிடைக்கிற மணல், இந்த மேட்டில் இருந்தது.

மணலை இங்கே கியூப்பில் விற்பார்கள். ஒரு கியூப் நூறு கன அடி. முதலில் லான்ட்மாஸ்டர் வந்தது, பிறகு உழவு இயந்திரப் பெட்டி, பிறகு டிப்பர். 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க சுரங்கங்கள், கனியங்கள் சட்டப்படி மணல் அகழ அனுமதிப்பத்திரம் வேண்டும், ஏற்றிப்போகவும் அனுமதி வேண்டும். ஏற்றியது பகலில் கொஞ்சம், இரவில் கொஞ்சம். 2017 ஜூலையில் மணற்காட்டுப் பக்கம் மணல் லொறி மீது பொலிஸார் சுட்டதில் துன்னாலை இளைஞர் ஒருவர் உயிரிழந்தார். மணலுக்காக இந்த மண்ணில் ஓர் உயிர் போகும் என்று அம்மம்மாவிடம் சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டாள்.

நான் கோபப்படுவது லொறி ஓட்டுகிற பொடியனிடம் இல்லை. அவனுக்கு ஒரு இரவுச் சம்பளம். மணலுக்கு விலை வைத்த எங்கள் எல்லோரிடமும்தான். உலகம் ஆண்டுக்கு 5,000 கோடி தொன் மணலும் சரளையும் பாவிக்கிறது என்று ஐக்கிய நாடுகள் சுற்றாடல் திட்டம் 2022இல் கணக்குச் சொன்னது. அந்தப் பெரிய கணக்கின் ஒரு மூலையில்தான் எங்கள் குடத்தனை வீதியில் போகிற டிப்பரும் இருக்கிறது.

இன்றைக்குப் போய்ப் பார்த்தால் நான் அறிந்த சரிவு சில இடங்களில் அப்படியே இருக்கிறது. சில இடங்களில் நடுவில் கடித்த தோசைபோல வெட்டுண்டு கிடக்கிறது. வெட்டிய பக்கத்தில் இராவணன் மீசையின் வேர்கள் வெளியே தொங்குகின்றன. கிண்டிய குழியில் மாரியில் தண்ணீர் நிற்கிறது. மணல் மூடிப் பாதுகாத்த தண்ணீர் வெயிலைப் பார்த்துக் கிடந்து ஆவியாகிறது. அதே கரையில், கொஞ்சம் தெற்கே தாளையடியில், கடல்நீரில் இருந்து நாளுக்கு 24,000 கன மீற்றர் நன்னீர் எடுக்கிற நிலையம் 2024இல் திறக்கப்பட்டது. குடாநாட்டுக்கு அது வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் மணல் வடித்துத் தந்த தண்ணீருக்கு மின்சாரக் கட்டணம் இருக்கவில்லை.

பனிச்சறுக்கு நாடுகளிலும் இதே கவலைதான், வேறு உருவத்தில். பனி குறைந்துபோகிறது. 2020 பெப்ரவரியில் பிரான்ஸின் பிரனீஸ் மலையில், லூஷோன் சூப்பர்பாஞ்ஞேர் என்ற சறுக்குத்தலத்தில் பனி போதாமல், மேலே இருந்து 50 தொன் பனியை ஹெலிகொப்டரில் இறக்கிச் சரிவில் கொட்டினார்கள். நாடு முழுக்கப் பேச்சானது. லிஃப்ட் நின்றால் ஊரின் பிழைப்பு நின்றுவிடும் என்று அவர்கள் பனியைத் தூக்கிவந்தார்கள். நாங்கள் இருந்த மலையைத் தூக்கிப் போகவிட்டோம். பனியாவது குளிர் வந்தால் மறுபடி விழும். இந்த மணல் கடல் நீரோட்டமும் அலையும் காற்றுமாகப் பல்லாயிரம் ஆண்டு சேர்த்தது; அடுத்த மாரிக்குத் திரும்பாது.

அன்றைக்குப் பின்னேரம் மருமகன் பதினொரு தடவை ஏறிச் சறுக்கினான். எண்ணிக்கொண்டிருந்தேன். பாளைக்கு எங்கே போவது, தங்கச்சி வாங்கிவந்த பிளாஸ்ரிக் பலகைதான். கடைசித் தடவை மேலே நின்று மறுபக்கத்தைக் காட்டி, "மாமா, அங்க ஏன் பாதி இல்ல?" என்று கேட்டான். லிஃப்ட் எங்கே என்று கேட்டபோது உடனே மறுமொழி சொன்ன எனக்கு இதற்கு வாய் வரவில்லை. தங்கச்சிதான் சொன்னாள்: "வீடு கட்ட எடுத்துப் போட்டினம்." ஆர் வீடு என்று அவன் கேட்கவில்லை. எங்கள் வீட்டுப் புது மேல்மாடியும் 2014இல் கட்டியதுதான். மண் எங்கே ஏற்றியது என்று நாங்களும் மேசனிடம் கேட்டதில்லை.

ஊரில் வீடு கட்டக் காசு அனுப்புகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். டைல்ஸ் எந்த நிறம், கதவு எந்த மரம் என்று போனில் கேட்கிறீர்கள். மண் எங்கே ஏற்றியது, பேமிட் இருக்கிறதா என்று அதோடு சேர்த்துக் கேளுங்கள். பேமிட்டின் படத்தை அனுப்பச் சொல்லுங்கள். காட்டாவிட்டால் அந்த லோட்டுக்குக் காசு கொடுக்காதீர்கள்.