இந்தப் பாலம் இன்னும் எத்தனை ஆண்டு தாங்கும்?

கெடாவையும் பினாங்கையும் இணைக்கும் மெர்டேக்கா பாலம் மூடா ஆற்றின் மேல் 1957-இல் திறக்கப்பட்டது. 2010-இல் விலக்கிக்கொள்ளப்பட்ட பி.எஸ். 5400 என்ற பிரிட்டிஷ் விதிமுறை, ஒரு பாலத்தை 120 ஆண்டுகளுக்கு வடிவமைக்கச் சொன்னது. அப்படியானால் 2077 வரை கவலையில்லை என்று கழித்தல் கணக்குப் போட்டுவிடலாமா? முடியாது. அந்த 120, வரைபடம் போடும்போது வைக்கும் எண். மீதமுள்ள ஆயுளைப் பாலத்திடமே போய்க் கேட்க வேண்டும்.

எப்படிக் கேட்பது? கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பியைத் துருவிலிருந்து காப்பது கான்கிரீட்டின் காரத்தன்மை. காற்றிலுள்ள கரியமில வாயு மெல்ல உள்ளே புகுந்து அதைக் குறைத்துக்கொண்டே போகும். கம்பியை எட்டினால் துரு தொடங்கும். துரு உப்பிக் கான்கிரீட்டைப் பிளக்கும். வாயு எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று பார்க்க, சிறிது உடைத்து பினோப்தலின் தெளிப்பார்கள். இடைநிலைப் பள்ளி ஆய்வுக்கூடத்தில் நாம் சொட்டுச் சொட்டாக விட்ட அதே திரவம்தான்! காரம் உள்ள இடம் இளஞ்சிவப்பாகும், போன இடம் நிறம் மாறாது.

இந்த ஆழம் காலத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப வளர்கிறது. ஓர் எடுத்துக்காட்டு: 36 வயதுப் பாலத்தில் ஆழம் 18 மில்லிமீட்டர். 36-இன் வர்க்கமூலம் 6; ஆகவே வேகம் 3. கம்பி 30 மில்லிமீட்டர் உள்ளே இருந்தால், அதை எட்டுவது 100-ஆவது ஆண்டில். இன்னும் 64 ஆண்டு இருக்கிறது. கட்டும்போது கவனக்குறைவால் கம்பி 20 மில்லிமீட்டரிலேயே அமைந்துவிட்டால்? 44-ஆவது ஆண்டிலேயே எட்டிவிடும். மீதி 8 ஆண்டுதான். வெறும் ஒரு சென்டிமீட்டரில் 56 ஆண்டுகள் போய்விட்டன. (வர்க்கமூலம் வாழ்க்கையில் எதற்கு உதவும் என்று கேட்கும் தம்பி தங்கைகள் கவனிக்க.) துரு தொடங்கிய அன்றே பாலம் விழாது. ஆனால் பழுதுபார்ப்புக்குக் குறைந்த செலவாகும் காலம் அதோடு முடிகிறது.

அடுத்தது பாரம். கெடாவின் பல தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. பால் ஏற்றிய சிறு வண்டிகளுக்காகக் கட்டிய பாலத்தில் இன்று குலை ஏற்றிய லோரிகள் ஓடுகின்றன. இரும்பு உத்தரத்தில் ஒரு வண்டி உண்டாக்கும் தகைவு இரண்டு மடங்கானால், களைப்புச் சேதம் ஏறக்குறைய எட்டு மடங்காகும். பாலத்தின் வயது மாறவில்லை, மீதமுள்ள ஆயுள் மட்டும் வேகமாகக் கரைகிறது.

இவை எல்லாவற்றையும்விட நான் அஞ்சுவது தண்ணீரைத்தான். திருச்சியில் 1928-இல் கட்டிய கொள்ளிடம் பழைய இரும்புப் பாலம் 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் உடைந்தது. பக்கத்தில் புதிய பாலம் வந்து போக்குவரத்து ஏற்கெனவே நின்றிருந்தது. மேலே பாரமே இல்லை. தூண்களின் அடியில் ஆற்று மணல் அரித்துப்போனதே வினையாயிற்று. மூடா ஆறும் மணல் அள்ளப்படும் ஆறுதான். வடிகால் நீர்ப்பாசனத் துறைக்காக மணல் எடுப்பு பற்றி ஆராய்ந்தபோது தேர்ந்தெடுக்கப்பட்ட ஆறுகளில் இதுவும் ஒன்று. ஆற்றுப் படுகை தாழத் தாழ, தூணின் வேர் வெளியே வருகிறது. சாலையில் நின்று பார்ப்பவருக்கு அது தெரியாது.

பாலிங், கூப்பாங்கில் 2022 ஜூலை 4-ஆம் தேதி குனோங் இனாஸ் மலையிலிருந்து சேறும் மரக்கட்டைகளும் பாய்ந்து வந்து மூவரின் உயிரைப் பறித்ததை மறந்திருக்க மாட்டோம். அப்படிப்பட்ட ஒரு மாலைப்பொழுதை எந்த வர்க்கமூலமும் முன்கூட்டிச் சொல்லாது. எனவே தேய்மானக் கணக்கோடு வெள்ளக் கணக்கையும் தனியே போட வேண்டும்.

பொதுப்பணித் துறையான ஜே.கே.ஆர். தன் பாலங்களைச் சோதித்து 1 முதல் 5 வரை மதிப்பிடுகிறது. 1 என்றால் சேதமில்லை, 5 என்றால் நிலைமை மிக மோசம். ஒரே ஒரு மதிப்பீட்டில் பெரிதாக ஒன்றும் தெரியாது. பல ஆண்டு மதிப்பீடுகளை வரிசையாக வைத்தால்தான் பாலம் எந்த வேகத்தில் தேய்கிறது என்று கணிக்கலாம். நம் தோட்டப் பாலங்களுக்கு இடர் இங்கேதான். மாநிலச் சாலைப் பராமரிப்புக்கு மத்திய அரசு தரும் மானியம், மாரிஸ் என்ற பதிவேட்டில் உள்ள சாலைகளுக்கே கிடைக்கும். தோட்டத்துச் சாலையோ தனியார் சொத்து. தோட்டம் கைமாறினால் பாலத்தின் வரைபடம் எந்த அலமாரியில் கிடக்கிறது என்று யாருக்குத் தெரியும்? அந்தப் பாலத்தின் மேல்தான் பள்ளி வேனும் போகிறது. வரலாறே இல்லாத நோயாளிக்கு மருத்துவர் எப்படி நாள் குறிப்பார்?

வரலாற்றை நாமே எழுதத் தொடங்கலாம். ஆண்டுத் தொடக்கத்தில் வடக்கே வறட்சி வந்து ஓடைகளில் நீர் குறையும்போது, பெரியவர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு கரையில் நின்றே படமெடுங்கள். துருக் கறை, வெளியே தெரியும் கம்பி, தூணின் அடியில் பள்ளம் ஆகிய மூன்றும் போதும். அளவு தெரிய, தூணில் சாய்த்த ஒரு குச்சியும் படத்தில் இருக்கட்டும். அடுத்த ஆண்டு அதே மாதம், அதே இடத்திலிருந்து இன்னொரு படம். இரண்டையும் தேதியோடு தோட்ட நிர்வாகத்துக்கும் மாவட்ட ஜே.கே.ஆர். அலுவலகத்துக்கும் அனுப்புங்கள்.