ஊறுமா ரத்தம்?

"எடுத்த ரத்தம் மறுபடி ஊறிடுமாங்க?"

ரத்த தான முகாம் ஒன்றில், கையை நீட்டிப் படுத்திருந்த சுமைதூக்கும் தொழிலாளி கேட்ட கேள்வி இது. பக்கத்தில் நின்ற செவிலியர், "ஊறிடும்ணே, பயப்படாதீங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அன்று கூட்டம் அப்படி. ஆனால் தொழிலாளியின் முகத்தில் பயம் அப்படியே இருந்தது. நாளெல்லாம் மூட்டை சுமந்து பிழைக்கிற உடம்பு. அதிலிருந்து எது போனாலும் அவர் கணக்குக் கேட்கத்தான் செய்வார். அந்தக் கணக்கை அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

கிணற்றுக்குச் சொல்லும் 'ஊறுதல்' என்ற சொல்லையே நாம் ரத்தத்துக்கும் சொல்கிறோம். இதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது. உடல் எடையில் ஒரு கிலோவுக்குச் சுமார் 70 மில்லி ரத்தம் என்று வைத்துக்கொண்டால், 60 கிலோ எடையுள்ளவரிடம் நாலு லிட்டருக்குச் சற்றுக் கூடுதலாக இருக்கும். முகாமில் எடுப்பது 350 மில்லி. எடை 55 கிலோவுக்கு மேல் இருந்தால் 450 மில்லி வரை எடுக்கலாம். போனதில் பாதிக்கு மேல் நீர்ப்பகுதியான பிளாஸ்மா. அது ஒன்றிரண்டு நாளில் நிரம்பிவிடும். சிவப்பணுக்கள் பழைய அளவுக்கு வர நாலிலிருந்து எட்டு வாரம் ஆகும்.

ஊற்றுக்கண் இருப்பது எலும்பு மஜ்ஜையில். ஆனால் "ரத்தம் போதவில்லை" என்று கண்டுபிடிப்பது சிறுநீரகம். தன்னிடம் வரும் ஆக்சிஜன் குறைந்தால் அது எரித்ரோபாய்ட்டின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. மஜ்ஜை உடனே வேகம் கூட்டுகிறது. சிறுநீரகம் செயலிழந்தவர்கள் ரத்தசோகையால் வெளுத்துப்போவதும், அவர்களுக்கு அந்த ஹார்மோனையே ஊசியாகப் போடுவதும் இதனால்தான்.

தானம் கொடுக்காவிட்டாலும் இந்த ஊற்று நிற்பதில்லை. ஒரு சிவப்பணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள். உட்கரு இல்லாத அணு அது. உள்ளே இருக்கும் இடம் முழுவதையும் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினுக்கே கொடுத்துவிட்டதால், பழுதானால் தன்னைச் சரிசெய்துகொள்ள வழியில்லை. இந்த வரியைப் படித்து முடிப்பதற்குள் உங்கள் உடம்பில் ஒரு கோடி சிவப்பணுக்களாவது அழிந்திருக்கும். அதே எண்ணிக்கையில் புதியவை பிறந்திருக்கும். கொடுக்காமல் பூட்டிவைத்துக் காப்பாற்றக்கூடிய சேமிப்பு இல்லை ரத்தம்.

ரத்தம் எங்கே பிறக்கிறது, எங்கே போகிறது என்பது ஐரோப்பாவில்கூட வெகுகாலம் புரியாமல் இருந்தது. உண்ட உணவிலிருந்து கல்லீரல் ரத்தத்தைப் புதிதாகத் தயாரிக்கிறது, உறுப்புகள் அதைக் குடித்துத் தீர்த்துவிடுகின்றன என்றே ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் நம்பினார்கள். 1628இல் வில்லியம் ஹார்வி என்ற ஆங்கில மருத்துவர் எளிய பெருக்கல் கணக்கு ஒன்றைப் போட்டார். இதயம் ஒரு துடிப்புக்குத் தள்ளுவது இவ்வளவு, அரைமணி நேரத்துக்கு இத்தனை துடிப்பு என்று பெருக்கினால், உடம்பில் மொத்தம் இருக்கிற ரத்தத்தைவிட அதிகமாக வருகிறது. அவ்வளவையும் உணவிலிருந்து உண்டாக்க முடியாது. ஆகவே அதே ரத்தம்தான் சுற்றிச் சுற்றி வருகிறது என்றார். தமனியையும் சிரையையும் இணைக்கும் நுண்ணிய தந்துகிகளை அவர் பார்த்ததில்லை. 1661இல் மால்பிகி என்ற இத்தாலிய மருத்துவர் தவளையின் நுரையீரலில் அவற்றைக் கண்டபோது ஹார்வி உயிரோடு இல்லை.

நம் வீடுகளில் ரத்தம் ஊறுவதற்கென்று ஒரு பண்டம் உண்டு: சுவரொட்டி. பிரசவித்த பெண்ணுக்கும் காய்ச்சலில் கிடந்து எழுந்தவருக்கும் கறிக்கடையில் சொல்லிவைத்து வாங்கிவந்து சமைத்துக் கொடுப்பார்கள். அது ஆட்டின் மண்ணீரல். வயதான சிவப்பணுக்கள் சிதைக்கப்படும் முக்கிய இடம் மண்ணீரல். அங்கே ஹீமோகுளோபினைப் பிரித்து, இரும்பை மட்டும் உடம்பு பத்திரமாக எடுத்துக்கொள்கிறது. ஆகவே மண்ணீரலில் இரும்பு செறிந்திருக்கிறது. உடற்கூறு படிக்காத நம் பாட்டிமார்கள் அனுபவத்தில் தேர்ந்தெடுத்தது மிகச் சரி.

இந்த இரும்புச் சிக்கனத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் வியப்புதான். புதிய சிவப்பணுக்களுக்கு ஒரு நாளைக்கு 20 முதல் 25 மில்லிகிராம் இரும்பு வேண்டும். உணவிலிருந்து உடம்பு ஈர்த்துக்கொள்வதோ 1 அல்லது 2 மில்லிகிராம். மீதி எல்லாம் இறந்த அணுக்களிலிருந்து மீட்டது. இரும்பு போக எஞ்சும் பகுதி முதலில் பச்சை நிறமியாகவும் பிறகு மஞ்சள் நிறமியாகவும் மாறி வெளியேறுகிறது. அடிபட்டுக் கன்றிப்போன இடம் நாளாக ஆகக் கருநீலத்திலிருந்து பச்சையாகி, மஞ்சளாகி மறைவது இதே வேலைதான். தோலுக்கடியில் நடப்பதால் நம் கண்ணுக்குத் தெரிகிறது.

ரத்தம் கொடுக்கும்போது வெளியே போய்விடும் இரும்பை இப்படி மீட்க முடியாது. அதனால்தான் ஆண்கள் 90 நாளும், மாதவிலக்கில் ஏற்கெனவே இரும்பை இழக்கும் பெண்கள் 120 நாளும் இடைவெளி விட வேண்டும் என்று நம் நாட்டு விதி சொல்கிறது. ஹீமோகுளோபின் 12.5 கிராமாவது இருந்தால்தான் எடுப்பார்கள். ஆர்வத்தோடு வந்த கல்லூரி மாணவிகள் பலர் விரல்நுனிச் சோதனையோடு திரும்புவதை முகாம்களில் பார்த்திருக்கிறேன். 2019-21இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. திருப்பி அனுப்பப்படும் பெண்ணிடம் "உனக்கு ரத்தம் கம்மி" என்று மட்டும் சொல்லி அனுப்புவது எனக்கு வருத்தம் தருகிறது. அவளுக்குத் தேவை ஒரு மருத்துவரின் பரிசோதனையும், வேண்டுமானால் இரும்புச்சத்து மாத்திரையும்.

பீட்ரூட் சாப்பிட்டால் ஊறாதா என்று கேட்பார்கள். பீட்ரூட்டின் சிவப்புக்கும் ரத்தத்தின் சிவப்புக்கும் தொடர்பே இல்லை. அதிலுள்ள இரும்பும் குறைவுதான். கீரை, பயறு வகைகளோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொண்டால் அவற்றின் இரும்பு நன்றாக உள்ளே ஏறும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் தடைபடும்.

நரம்பு நீலமாகத் தெரிவதால் உள்ளே ஓடுவதும் நீல ரத்தமோ என்ற சந்தேகம் குழந்தைகளுக்கு வரும். சிரையில் ஓடுவதும் சிவப்புதான், கொஞ்சம் கருஞ்சிவப்பு. தோலைக் கடந்து திரும்பும் ஒளி செய்யும் வேலை அது. இரும்புக்குப் பதிலாகச் செம்பு கொண்ட ஆக்டோபஸுக்கு நிஜமாகவே நீல ரத்தம்.

இனி ரத்த வகை. குடும்பங்களில் கண்ணீரே வரவழைத்த கேள்வி ஒன்று உண்டு: "அப்பா, அம்மா ரெண்டு பேரும் ஏ பாசிட்டிவ், பிள்ளை எப்படி ஓ பாசிட்டிவ்?" சந்தேகப்பட இதில் ஒன்றுமே இல்லை. ஏ வகைக்காரர் ஒவ்வொருவரும் தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று என இரண்டு மரபணு வைத்திருக்கிறார். ஒன்று ஏ, மற்றது ஓ என்றால் வெளியே தெரிவது ஏ மட்டும். இருவருமே இப்படி ஓவை மறைத்துவைத்திருந்தால், ஒவ்வொரு பிள்ளையும் ஓவாகப் பிறக்க நாலில் ஒரு வாய்ப்பு உண்டு.

வியன்னாவில் கார்ல் லேண்ட்ஸ்டைனர் என்ற மருத்துவர் தன் ரத்தத்தையும் உடன் வேலைசெய்தவர்கள் ரத்தத்தையும் மாற்றி மாற்றிக் கலந்து பார்த்து, 1901இல் வகைகளை அறிவித்தார். அதற்கு முன் ரத்தம் ஏற்றியதெல்லாம் இருட்டில் கைவிட்டதுபோலத்தான். 1952இல் பம்பாயில் டாக்டர் ஒய்.எம்.பெண்டேயும் உடன் பணியாற்றியவர்களும் இன்னொன்றைக் கண்டார்கள். சாதாரணச் சோதனையில் ஓ என்றே காட்டும். ஆனால் ஓ ரத்தத்தையும் ஏற்காது. ஏ, பி இரண்டுக்கும் அடித்தளமான எச் என்ற பொருளே இந்த வகைக்காரர்களின் அணுக்களில் இல்லை. இந்த 'பாம்பே குரூப்' நம் நாட்டில் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒருவருக்கு இருக்கிறது. அவர்களுக்கு அதே வகை ரத்தம் மட்டுமே சேரும். ஏற்றும் முன் கொடுத்தவர், பெறுபவர் ரத்தங்களைச் சேர்த்துப் பார்க்கும் 'கிராஸ் மேட்ச்' சோதனை செய்துதான் ஆக வேண்டும் என்று ரத்த வங்கியில் பிடிவாதம் பிடிப்பதற்கு இது ஒரு காரணம்.

"எங்க சொந்தத்துலயே ஆள் இருக்கு, வெளி ரத்தம் வேண்டாம்" என்பார்கள் சிலர். ரத்த பாசம் நல்லது. ஏற்றுவதற்கு நெருங்கிய உறவின் ரத்தம் அவ்வளவு நல்லதல்ல. அதிலுள்ள வெள்ளையணுக்களை நோயாளியின் உடம்பு அந்நியமென்று அடையாளம் காணாமல் விட்டுவிடலாம். தங்கிவிட்ட அவை நோயாளியின் உடம்பையே தாக்கலாம். அரிதுதான், வந்தால் பிழைப்பது மிகக் கடினம். அதனால் தாய், தகப்பன், பிள்ளை, உடன்பிறந்தார் ரத்தம் என்றால் கதிர்வீச்சு காட்டிய பிறகே ஏற்ற வேண்டும். முன்பின் தெரியாத ஒருவர் கொடுத்த ரத்தத்துக்கு அந்தக் கவலை மிகக் குறைவு.

அந்தத் தொழிலாளி எழுந்து உட்கார்ந்து பழச்சாறு குடித்துக்கொண்டிருந்தபோது, "இது யாருக்குப் போவும்?" என்று கேட்டார். ஒருவருக்கு இல்லை, அநேகமாக மூன்று பேருக்கு. பையைச் சுழற்றிப் பிரிப்பார்கள். சிவப்பணுக்கள் 2 முதல் 6 டிகிரிக் குளிரில் 35 நாளோ 42 நாளோ இருக்கும். பிளாஸ்மாவை உறைய வைத்தால் ஓராண்டு தாங்கும். தட்டணுக்களைக் குளிரில் வைக்கக் கூடாது. அறை வெப்பத்தில், மெல்ல ஆடிக்கொண்டே இருக்கும் தட்டில் வைக்க வேண்டும், அதுவும் 5 நாள்தான். அவர் விரல்விட்டு எண்ணினார். "அப்ப வர்ற புதன்கிழமைக்குள்ள யாருக்காவது ஏறியிருக்கும்" என்றார்.