பக்கத்து வீட்டில் "அவுட்"! நம்ம வீட்டில் இன்னும் பந்தே போடவில்லை!
ஒரே மேட்சுக்கு 2 நேரம்: பாலவாக்கம் ரசிகர்கள் திண்டாட்டம் தீருமா?

ஒரே மேட்ச். ஒரே பந்து. கேபிள் உள்ள வீட்டில் "ஓ"வென்று கூச்சல். அடுத்த வீட்டு தூர்தர்ஷனிலோ பவுலர் இப்போதுதான் சட்டையில் பந்தைத் தேய்க்கிறார். அங்கே விக்கெட் விழ இன்னும் 7 நிமிடம் ஆகும்!

இது கட்டுக்கதை அல்ல. 2007-ம் ஆண்டு ஜனவரியில் நாடு முழுக்க நடந்த கூத்து.

கோர்ட்டுக்குப் போன கிரிக்கெட்

அப்போது மேற்கிந்திய தீவு அணி இங்கு வந்து 4 ஒரு நாள் போட்டிகளில் ஆடியது. டெலிவிஷன் உரிமை நிம்பஸ் கம்பெனியிடம் இருந்தது. அவர்களுடைய நியோ ஸ்போர்ட்ஸ் கட்டண சேனல். தூர்தர்ஷனுக்கு படம் கொடுப்பதில் தகராறு வெடித்தது.

ஜனவரி 21-ந்தேதி நாக்பூரில் நடந்த முதல் போட்டி தூர்தர்ஷனில் நேரடியாக வரவில்லை. ஆன்டெனாவை நம்பியிருந்த ஏழை வீடுகளுக்கு பட்டை நாமம்!

விவகாரம் டெல்லி ஐகோர்ட்டுக்குப் போனது. 7 நிமிடம் தாமதமாக தூர்தர்ஷன் காட்டலாம் என்று வழி பிறந்தது. 7 நிமிடம் என்றால் கிட்டத்தட்ட 2 ஓவர். ஜெயிப்பதும் தோற்பதும் அதற்குள் முடிந்துவிடுமே!

27-ந்தேதி போட்டி நம்ம சேப்பாக்கத்திலேயே நடந்தது. பாலவாக்கத்தில் பஸ் ஏறினால் எட்டிப்பிடிக்கிற தூரம். மேற்கிந்திய தீவு 3 விக்கெட்டில் ஜெயித்தது. அந்தச் சேதியும் தூர்தர்ஷன் வீடுகளுக்கு பக்கத்து வீட்டு சத்தத்துக்குப் பிறகுதான்.

வந்தது சட்டம்

பிப்ரவரியில் மத்திய அரசு அவசர சட்டம் போட்டது. பிறகு அதுவே நிரந்தர சட்டமானது. முக்கிய போட்டிகளின் படத்தை, விளம்பரம் நீக்கி, பிரசார் பாரதிக்கு கொடுத்தே ஆக வேண்டும். டெலிவிஷன் விளம்பர வருமானத்தில் உரிமைக்காரருக்கு 75 சதவீதத்துக்குக் குறையாத பங்கு.

தொல்லை ஒழிந்தது என்று பார்த்தால், அதுதான் இல்லை!

சேனல் ஒன்று, படம் இரண்டு

2017-ம் ஆண்டு ஆகஸ்டு 22-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு சொன்னது. அந்தப் படம் தூர்தர்ஷனின் சொந்த ஒளிபரப்புக்கும் அதன் இலவச டிஷ்சுக்கும் மட்டுமே. தனியார் கேபிளில் ஓடக்கூடாது. கோடிகளைக் கொட்டி உரிமை வாங்கியவர் பிழைக்க வேண்டாமா என்பது அவர்கள் தரப்பு நியாயம்.

விளைவு? இலவச டிஷ் வீட்டில் மேட்ச். கேபிள் வீட்டில் அதே தூர்தர்ஷனில் வேறு நிகழ்ச்சி! மாதா மாதம் பணம் கட்டியும் விளையாட்டு பேக்கேஜ் இல்லை என்றால், கடையில் நிற்கும் வாடிக்கையாளரிடம்தான் ஸ்கோர் கேட்க வேண்டும். பழைய ஆன்டெனா ஒளிபரப்பும் பெரும்பாலும் மூடப்பட்டுவிட்டது.

வாங்கும் முன் யோசியுங்கள்

இலவச டிஷ்சுக்கு ஒரு தடவை செலவு. மாதக் கட்டணம் கிடையாது. ஆனால் சட்டத்தின் பட்டியலில் ஐ.பி.எல். இல்லை. சென்னை அணிக்காக டிஷ் மாட்டினால் ஏமாற்றம்தான்.

செல்போனில் பார்ப்பவர்களும் காலரைத் தூக்க வேண்டாம். அதில் படம் பல வினாடி பிந்தித்தான் வரும். குப்பத்து வீடோ, கடற்கரைச் சாலை அடுக்குமாடியோ, பக்கத்து வீட்டுக் கூச்சல்தான் இன்றைக்கும் முதல் செய்தி!